பதினைந்து தப்படி

அப்பா நடக்கும்போது எண்ணுவார். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். நூறு ஆனதும் கட்டைவிரல் சுட்டுவிரலின் முதல் கணுவைத் தொடும். இருநூறுக்கு இரண்டாம் கணு. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் இடது கையைத் தூக்கி ‘இரு’ என்று காட்டுவார். போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். சின்ன வயதில் அவரோடு கடைக்குப் போகும்போது நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கடை வாசலில்தான் பதில் கிடைத்தது. அதற்குள் பாதிக் கேள்விகள் எனக்கே மறந்து போயிருக்கும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இதைச் சொல்லிவிடுவாள்.

“இவ பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னாரு. புள்ள ஆணா பொண்ணானு கேக்கல. ‘இந்த வராண்டா தொண்ணூத்தி நாலு தப்படி இருக்கு’ன்னாரு. எனக்கு வலியிலயும் சிரிப்பு தாங்கல. தையல் பிரியாம இருந்ததே பெரிய விஷயம்.”

அப்பா மறுக்கவே மாட்டார். “தொண்ணூத்தி ஆறு,” என்று மட்டும் திருத்துவார்.

கால்பந்து மைதானத்தில் கோடு போடுவது அவர் வேலை. காகிதத்தில் அதற்குத் ‘தினக்கூலி மைதான உதவியாளர்’ என்று பெயர். சுண்ணாம்புத் தூளைச் சலித்து, கீழே சின்னச் சக்கரம் வைத்த தகரப் பெட்டியில் கொட்டி, தள்ளிக்கொண்டே போனால் வெள்ளைக் கோடு விழும். வலை கட்டுவது, மூலைக் கொடி நடுவது, தண்ணீர் விடுவது, வேலி ஓட்டையில் நுழைகிற ஆடுகளைத் துரத்துவது எல்லாம் அதோடு சேர்ந்தது. இருபத்திரண்டு வருடம் இதைச் செய்தார். இருபத்திரண்டு வருடமும் தினக்கூலிதான். ஆட்டம் இல்லாத மாதங்களில் அதுவும் கிடையாது. அந்த மாதங்களில் அம்மா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக் கொண்டுவருவதில்தான் வீடு ஓடியது.

ஒவ்வொரு சீசனும் தொடங்கும்போது ஒரு முறை நாடா பிடித்து, கயிறு கட்டி, மைதானம் முழுவதையும் அளப்பார்கள். அதன் பிறகு அப்பாவுக்கு நாடா தேவைப்படாது. பழைய கோட்டின் மேலேயே போவார். அழிந்துபோன இடத்தைத் தப்படியால் அளப்பார். கோல் கோட்டிலிருந்து, பெனால்டி அடிக்கப் பந்து வைக்கும் ஸ்பாட்டுக்குப் பதினோரு மீட்டர். அவருக்கு அது சரியாகப் பதினைந்து தப்படி. சந்தேகப்பட்டு நாடாவை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் தோற்றுத்தான் போனார்கள். “துணி நாடா நனைஞ்சா நீளும். என் கால் நீளாது,” என்பார்.

கால் குறையும் என்பது அவருக்கோ எங்களுக்கோ தோன்றவில்லை.

நான் சொல்ல வந்தது அவருடைய இருபத்து மூன்றாவது சீசனைப் பற்றி. எட்டு அணிகள், பதினாலு வாரம், ஐம்பத்தாறு ஆட்டம். வட்டாரத்தில் வேலி உள்ள மைதானம் இது ஒன்றுதான் என்பதால் எல்லா ஆட்டமும் இங்கேயே. அந்த வருடம்தான் மைதானக் கமிட்டிக்குப் புதிய செயலாளர் வந்தார். அப்பாவைவிடப் பதினைந்து வயது இளையவர், பளபளக்கும் ஷூ போடுவார், சுண்ணாம்பு பட்டுவிடும் என்று கோட்டைத் தாண்டித் தாண்டி நடப்பார்.

“இந்த வேலைக்கு நிரந்தரமா ஒரு ஆள் எதுக்குங்க? கான்ட்ராக்ட்ல விட்டா ரெண்டு பேரு மெஷினோட வந்து அரை மணி நேரத்துல முடிச்சுட்டுப் போயிடுவாங்க,” என்று முதல் நாளே சொன்னாராம். அப்பா கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். செயலாளருக்கே என்னவோ போல் ஆகியிருக்க வேண்டும். “சரி, உங்க சர்வீஸையும் பாக்கணும்ல. இந்த சீசன் முடியிற வரைக்கும் எழுத்துல ஒரு புகார், ஒண்ணே ஒண்ணு, வராமப் பாத்துக்கங்க. கமிட்டில உங்கள நிரந்தரம் பண்ண நானே கை தூக்குறேன்.”

அன்று மாலை அப்பா இதை வார்த்தை மாறாமல் இரண்டு தடவை சொன்னார்.

“கை தூக்குறேன்னாரா? எதுக்கு, அடிக்கவா?” என்றாள் அம்மா.

“வெளையாடாத. நிரந்தரம்னா வருஷம் பூரா சம்பளம். எனக்கு ஏதாச்சும் ஆனாக்கூட உனக்குப் பென்ஷன் வரும்.”

“உங்களுக்கு என்ன ஆகப் போகுது? எண்ணிக்கிட்டே போயி எமனையும் தாண்டிப் போயிடுவீங்க.”

சிரித்தோம். ஆனால் மூவருக்கும் தெரியும், அப்பாவுக்கு ஐம்பத்தாறு ஆகிவிட்டது. இந்த சீசனில் நடக்காவிட்டால் இனி நடக்காது.

நான் அப்போது கல்லூரியில் கடைசி வருடம், கணிதம். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் எழுத வேண்டியது எதுவானாலும் என்னிடம் வரும். கமிட்டிக்கான மனுவையும் நானே எழுதினேன். ‘இருபத்திரண்டு ஆண்டுகளாக எவ்விதப் பிழைக்கும் இடந்தராமல் பணியாற்றி வருகிறேன்’ என்று ஒரு வரி. அப்பா அதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “எவ்விதப் பிழைக்கும்,” என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். புதுச் சட்டை போட்டுக் கண்ணாடி பார்ப்பவர் மாதிரி இருந்தது முகம். சீசன் முடிந்ததும் தேதி போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு.

அதே மாதம்தான் முழங்கால் விஷயமும் தெரிந்தது. இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். “உக்காந்து பாக்குற மாதிரி ஏதாவது வேலைக்கு மாறிக்கங்க.”

“உக்காந்துக்கிட்டு கோடு போட முடியாதே டாக்டர்.”

வெளியே வந்ததும் என்னிடம், “செயலாளர் காதுக்குப் போகக் கூடாது,” என்றார். போகவில்லை. வலது கால்தான் அதிகம் வலித்தது. நொண்டினால் தெரிந்துவிடும் என்று இரண்டு காலையும் ஒரே அளவாகச் சுருக்கி வைக்கப் பழகிக்கொண்டார். நிதானமாக நடக்கிறார், வயதாகிறது அல்லவா என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

அந்த சீசனில் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது பண்டகசாலை அணி. பண்டகசாலையில் மூட்டை தூக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், தராசில் நிற்கிறவர்கள் சேர்ந்த அணி. பதினெட்டு வருடமாக அட்டவணையின் அடியில் கிடந்தது. அந்த வருடம் மேலே வந்துகொண்டே இருந்தது. காரணம் அவர்களுடைய கோல்கீப்பர். எல்லோரும் அவனை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்து நாலு வயது. மூட்டை தூக்கித் தூக்கித் தோள் அகன்றிருக்கும். கதவு வழியாக வந்தால் குனிந்துதான் வருவான். கோப்பையை வாங்கினால் மூட்டையிலிருந்து எடுத்துத் தராசு வேலையில் போடுவதாக மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். முதுகில் ஏற்கனவே ஒரு எலும்பு விலகியிருந்தது அவனுக்கு.

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து அப்பாவோடு வலை கட்டுவான். அவன் வந்துவிட்டால் அப்பா ஸ்டூல் போட வேண்டியதில்லை.

“அண்ணே, இந்தப் பக்கத்து கோல் கொஞ்சம் பெருசா இருக்கே.”

“கோல் விடுறவனுக்கு எல்லா கோலும் பெருசுதான்.”

“நான் எங்கண்ணே விட்டேன்? ஏழு ஆட்டத்துல மூணு.”

“அந்த மூணும் பெருசு.”

அப்பா ஆட்டம் முழுவதும் கோலுக்குப் பின்னால் வலையை ஒட்டி நிற்பார். எந்த அணிக்கும் அவர் கை தட்டிப் பார்த்ததில்லை; மைதானத்து ஆள் கை தட்டக் கூடாது என்பார். ஆனால் நெட்டை ஒரு பந்தைத் தட்டிவிட்டால் அப்பாவின் தோள் லேசாக ஏறி இறங்கும். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும்.

ஒன்பதாவது வாரமோ பத்தாவதோ, சாப்பிடும்போது அப்பா சொன்னார், “இப்பல்லாம் கிரவுண்டுக்கு ஆயிரத்தி இருநூத்தி பதினொண்ணு ஆகுது.”

“எப்பவும் ஆயிரத்தி நூத்தி நாப்பதுதான?” என்றேன்.

“பைப் போட ரோட்டத் தோண்டி வச்சிருக்கான்ல. சுத்திப் போக வேண்டியிருக்கு.”

அம்மா, “ஊரே வளந்து போச்சு, நீங்க மட்டும் அப்படியே இருக்கீங்க,” என்றாள்.

பள்ளம் இருந்தது உண்மை. அதைச் சுற்ற ஏழெட்டுத் தப்படிக்கு மேல் ஆகாது. எழுபத்தொன்று எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. தூரம் அதேதான், எண்ணிக்கை ஏறியிருக்கிறது. அப்படியானால் தப்படி எவ்வளவு இறங்கியிருக்கும்? வகுத்துப் பார்க்க எனக்கு அரை நிமிடம் போதும். அதைவிடக் கடினமான கணக்குகளை அப்போது தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். அவை எல்லாம் புத்தகத்தில் இருந்தன. இது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இருந்தது. அதனால்தான் கண்ணில் படவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அது சரியான காரணம்தானா என்று தெரியவில்லை.

கடைசி நாள் ஆட்டம் பண்டகசாலைக்கும் பஸ் கம்பெனிக்கும். டிரா ஆனாலே போதும், கோப்பை பண்டகசாலைக்கு. பஸ் கம்பெனி ஜெயித்தால் அவர்களுக்கு.

மதியம் ஒரு மணிக்கு மழை பிடித்தது. முக்கால் மணி நேரம் கொட்டி நின்றது. நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அவர் கிழக்குப் பக்கத்து கோல் முன்னால் சாக்கைப் போட்டுத் தண்ணீரை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். புல் உள்ள இடங்களில் கோடு மங்கலாகவாவது நின்றது. மேற்கு கோல் பக்கமும் அப்படித்தான். இந்தக் கிழக்கு கோல் முன்னால் மட்டும் பல வருடமாகக் காலடி பட்டுப் புல்லே இல்லை. அங்கே போட்டிருந்ததெல்லாம் சேற்றோடு சேறாகப் போயிருந்தது.

“சாப்பிட்டுட்டுப் பண்ணுங்கப்பா.”

“மூணரைக்கு ஆட்டம். ரெஃப்ரி மூணுக்கு வந்துடுவாரு. வச்சுட்டுப் போ.”

மணலைக் கொட்டி மிதித்துச் சமப்படுத்தினார். கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டிக் கோல் கோட்டைப் போட்டார். பிறகு கோலின் நடுவில் குதிகாலை வைத்து நின்று, கிளம்பினார். ஒன்று, இரண்டு. உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. ஈரத்தில் வழுக்கிவிடக் கூடாது என்று காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார். பதினைந்தில் நின்றார். அங்கே ஒரு கை சுண்ணாம்பை வைத்து வட்டமாகத் தடவினார்.

நாடா அறையில்தான் இருந்தது. அதற்கு ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். நான் பத்தடி தூரத்தில் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் கூப்பிடவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ரெஃப்ரி வந்து வலையை இழுத்துப் பார்த்தார், கம்பத்தைத் தட்டிப் பார்த்தார்.

“எல்லாம் அளந்தாச்சா?”

“அளந்தாச்சு சார்.”

“நீங்க அளந்தா சரிதான்.”

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேற்றில் பந்து ஓடவே இல்லை. எண்பது நிமிடம் வரை இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. பண்டகசாலைக்காரர்கள் படிக்கட்டில் எழுந்து நின்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் பண்டகசாலையின் தடுப்பாள் ஒருவன் வழுக்கிப் போய் எதிராளியின் காலை வாரிவிட்டான். வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் கோல் முன்னால் போட்ட பெட்டிக் கோட்டுக்குள்ளே. பெனால்டி, கிழக்கு கோலில்.

அடிப்பவன் பந்தை ஸ்பாட்டில் வைத்தான். நெட்டை கோட்டில் கைகளை விரித்து நின்றான். வலைக்குப் பின்னால் அப்பா.

அடித்தது இடது மூலைக்கு, தரையோடு. நெட்டை சரியான பக்கம்தான் பாய்ந்தான். விரல் நுனியில் பந்து பட்டது. லேசாகத் திசை மாறிக் கம்பத்தின் உள்பக்கத்தைத் தொட்டு உள்ளே போனது. படிக்கட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு விரலில் பட்டது தெரிய வாய்ப்பில்லை. தெரிந்ததெல்லாம் இதுதான்: கை பந்துவரை போனது, பிறகு மடங்கியது.

ஆட்டம் முடிந்து கால் மணி நேரத்துக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. கையை இழுத்துக்கொண்டான். பஸ் கம்பெனியிடம் விலை போய்விட்டான். பதினாலு வாரம் எல்லாவற்றையும் பிடித்தவனுக்கு இது மட்டும் எப்படி விட்டுப்போகும்? நல்ல ஆட்டமே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மறுநாளே ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்: வழிவிட்டான்.

அன்று வீடு திரும்பும்போது அப்பா எண்ணவில்லை. பக்கத்தில் நடந்த எனக்கு அது உடனே தெரிந்தது. தோற்ற வருத்தம் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் எழுப்பினார். “நாடாவோட ஒரு முனையப் பிடிக்கணும். வா.”

மைதானத்தில் யாரும் இல்லை. வலைகள் அவிழ்க்கப்படாமல் தொங்கின. நிலம் காய்ந்து, முந்தைய நாள் சேறு காலடிகளோடு இறுகிக் கிடந்தது. நடுவே ஸ்பாட் அப்படியே இருந்தது. நாடாவும் நன்றாகக் காய்ந்திருந்தது. முதலில் மேற்குப் பக்கம் அளந்தோம். பதினோரு மீட்டர், நூல் பிசகவில்லை. பிறகு கிழக்கு. நான் கோல் கோட்டில் முனையை அழுத்திப் பிடித்தேன். அவர் ஸ்பாட்டில் குனிந்து எண்ணைப் பார்த்தார்.

“மறுபடி பிடி.”

பிடித்தேன்.

“இன்னொரு தடவ.”

மூன்றாவது தடவை நானே போய்ப் பார்த்தேன். பத்து மீட்டர் முப்பத்தாறு. அறுபத்து நாலு சென்டிமீட்டர் குறைவு. இரண்டடிக்கும் கொஞ்சம் மேலே.

அப்பா தன் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“விரல்ல பட்டுச்சு. நான் பாத்தேன்,” என்றார். “ரெண்டடி தள்ளி வச்சிருந்தா…”

நான் அந்தக் கணக்கைப் பிறகு பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டடி என்றால் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நேரத்தில் பாய்கிறவனின் கை இன்னும் ஒரு சாண் போயிருக்கலாம். நுனி விரல் பட்ட இடத்தில் உள்ளங்கை பட்டிருக்கலாம். படாமலும் போயிருக்கலாம். எந்தக் கணிதமும் அதைச் சொல்லாது. ஆனால் அவன் கையை இழுக்கவில்லை என்பதும், ஸ்பாட் தப்பாக இருந்தது என்பதும் உறுதி. அந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தது எங்கள் இருவருக்கு மட்டும்தான்.

அப்பா குதிகாலால் அந்த ஸ்பாட்டைத் தேய்த்தார். நன்றாக, மண்ணோடு மண்ணாகும்வரை. பிறகு நாடாவைப் பார்த்துச் சரியான இடத்தில் புதிதாக ஒன்று வைத்தார். சீசன் முடிந்துவிட்டது. இனி மூன்று மாதத்துக்கு அங்கே ஆட்டமே இல்லை.

“அந்த மனுவுக்குத் தேதி போட்டுட்டியா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லப்பா.”

“இன்னைக்குப் போட்டுடு.”

போட்டேன். ‘எவ்விதப் பிழைக்கும் இடந்தராமல்’ என்ற வரியைத் தாண்டும்போது பேனா நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. இருபத்திரண்டு என்பதை இருபத்து மூன்று என்று திருத்தினேன்.

அடுத்த வாரம் நெட்டை மைதானத்துக்கு வந்தான். அப்பா வலைகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் மனுவில் கையெழுத்து வாங்க வந்திருந்தேன். அவன் வழக்கம்போல வலையின் மறுமுனையை எடுத்துக்கொண்டான். இருவரும் முதல் வலையை மடித்து முடித்தார்கள்.

“அண்ணே, நீங்க பின்னாடிதான நின்னீங்க?”

“ம்.”

“நான் கைய இழுத்தேனா?”

அப்பா மடிப்பைச் சரிசெய்தார்.

“எல்லாரும் தூரத்துல இருந்து பாத்தவங்க அண்ணே. நீங்க ஒருத்தர்தான் பக்கத்துல. விரல்ல பட்டுச்சு. நகம் பேந்திருக்கு, பாருங்க. இத மேலாளர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீங்க சொன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க.”

கையை நீட்டினான். நடுவிரல் நகம் பாதி கறுத்திருந்தது.

அப்பா அந்த விரலைப் பார்த்தார். அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதில் எந்த ஆபத்தும் இல்லை என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது: ஆமாம், பட்டது. ஆனால் பட்டது என்று சொன்னால் மேலாளர் கமிட்டிக்கு எழுதுவார். கமிட்டி அந்தப் பெனால்டியை விசாரிக்கும். விசாரித்தால், எங்கே நின்று அடித்தான், யார் அளந்தது, எதை வைத்து அளந்தது என்று போகும். அப்பா இதையெல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் நினைத்திருக்க வேண்டும்.

“நான் சரியாப் பாக்கலப்பா. வலை ஒரு பக்கம் கழண்டிருந்துச்சு. அதப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அப்படியாண்ணே.”

“ஆமாப்பா.”

நெட்டை மீதி வலையையும் மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனான். கோபப்படவில்லை. அவன் வேலி தாண்டும்வரை நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. “அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல,” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

அடுத்த மாதம் கமிட்டி கூடியது. செயலாளர் சொன்னபடியே கை தூக்கினார். புகார் எதுவும் இல்லாத சீசன் என்று குறிப்பில் எழுதினார்கள். அம்மா தொழிற்சாலையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். “இருபத்தி மூணு வருஷம் நடந்து நடந்து, ஒருவழியா உக்கார ஒரு நாற்காலி கிடைச்சுது எங்க வீட்டுக்காரருக்கு,” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பண்டகசாலையில் நெட்டையை அணியிலிருந்து எடுத்தார்கள். தராசு வேலை வேறொருவனுக்குப் போனது. அவன் மூட்டை தூக்கிக்கொண்டே இருந்தான். வேறு அணிகளும் அவனைக் கூப்பிடவில்லை. விலை போனவன் என்று பேர் வாங்கியவனை யார் கோலில் நிறுத்துவார்கள்?

அதன் பிறகு அப்பா எல்லாவற்றையும் நாடாவால் அளந்தார். பண்டகசாலைத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டார். மைதானத்துக்குச் சுற்றுவழியில் போனார், தேய்ந்த மூட்டோடு. நெட்டையைப் பற்றி யாராவது மோசமாகப் பேசினால் எழுந்து போய்விடுவார். எழுந்து போனது அவனுக்காகவா, தனக்காகவா என்று நான் கேட்டதில்லை. அவரை மோசமானவர் என்று நினைக்க நான் முயன்று பார்த்திருக்கிறேன். முடியவில்லை. நல்லவர் என்று நினைப்பதும் முன்போல அவ்வளவு எளிதாக இல்லை. என்னைப் பற்றியும் அதேதான்.

நிரந்தரமான நாற்காலியில் அவர் இரண்டு வருடம்கூட முழுதாக உட்காரவில்லை. காலில் ஒரு புண் வந்து, ஆறாமல், விஷமாகி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஏழாவது நாள் காய்ச்சலுக்கு நடுவே கண்ணைத் திறந்து, “அவன் இன்னும் மூட்டதான் தூக்குறானா?” என்று கேட்டார்.

யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. “ஆமாப்பா,” என்றேன்.

“முதுகு சரியில்ல அவனுக்கு.”

கொஞ்ச நேரம் கழித்து, “அவன வரச் சொல்றியா?” என்றார். “சொல்றேன்ப்பா, நாளைக்கு,” என்றேன். மறுநாள் அவருக்கு நினைவு தப்பியது. அன்றே நான் போயிருக்கலாம். பண்டகசாலை ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிட நடை. அம்மாவின் பென்ஷன் ஞாபகம் வந்ததா, வெறும் சோம்பலா, பயமா? எது என்று என்னையே பலமுறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வருகிறது.

அப்பா போன மூன்றாம் நாள் நெட்டை வீட்டுக்கு வந்தான். வாசலில் குனிந்து நுழைந்தான். முன்பைவிட அதிகமாகக் குனிந்தான் என்று தோன்றியது. அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தான். நீண்ட கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டான்.

“அண்ணன் ரொம்பப் பெரிய மனுஷங்கம்மா,” என்றான். “ஊரே என்னப் பேசுச்சு. எங்க வீட்லயே பேசினாங்க. அண்ணன் ஒருத்தர்தான் என்னப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசல. என்னப் பேசினா எந்திரிச்சுப் போயிடுவாராம். டீக்கடையில சொன்னாங்க. அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்னு அவர்கிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்தேன். சொல்லாமலே விட்டுட்டேன்.”

அம்மா அழுதாள். “உன்ன அவருக்கு ரொம்பப் பிடிக்கும்ப்பா. ஆஸ்பத்திரில கூட உன்னக் கேட்டாராமே,” என்று என்னைப் பார்த்தாள்.

“கேட்டாரா?” நெட்டையும் என்னைப் பார்த்தான். “என்ன கேட்டாரு?”

“நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு,” என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அம்மா கொடுத்த டீயைக் குடித்தான். ஏதாவது தூக்க வேண்டியிருந்தால் ஆள் அனுப்பச் சொன்னான். நான் வாசல்வரை போனேன்; தெருவிலாவது சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து, “வரேம்மா,” என்றான். சரி என்று தலையாட்டினேன்.

அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்குப் பென்ஷன் வர ஆரம்பித்துவிட்டது. இனி அதை யாரும் நிறுத்தப் போவதில்லை. அந்தக் காரணமும் போய்விட்டது. இதை இங்கே எழுதிவிட்டதால் சொல்லியாயிற்று என்று ஆகாது. அவன் படிக்கிறவன் இல்லை. பண்டகசாலையில் அவனை இன்றும் வழிவிட்டான் என்றுதான் கூப்பிடுகிறார்கள், கூப்பிட்டால் திரும்புகிறான். அவன் கையை இழுக்கவில்லை என்று சொல்ல வேண்டியவர் அப்பா. அவர் சொல்லவில்லை. இதுவரை நானும் சொல்லவில்லை.